மீதி இரண்டு

ரீபவுண்டுக்கு எழும்பியவள் இறங்கும்போது
முருங்கைக் கொப்பு முறிந்த சத்தம் கேட்டது என்றாள் ஸ்டெல்லாராணி.
எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை.
விசில் ஊதுமுன்பே
ஒச்சம்மாள் தரையை உள்ளங்கையால் அடித்தாள்,
மூன்று முறை,
பூட்டிய கதவைத் தட்டுவது போல.

ரேஸ்கோர்ஸ் மைதானம். மின்னொளி.
அரையிறுதியின் கடைசி நான்கு நிமிடம்.
விளக்கைச் சுற்றிய ஈசல்கள்
ஆட்டம் நின்றது தெரியாமல் சுற்றின.
முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருந்தது, டிங்சர் இருந்தது.
ஐஸ் கரிமேட்டிலிருந்து பைக்கில் வந்தது,
மீன் வாசத்தோடு.

சொல்லிவிடுகிறேன்.
அவள் விழுந்த நொடியில்
எனக்கு முதலில் தோன்றியது அவள் முழங்கால் இல்லை.
பைனலில் நாற்பது நிமிடமும் எனக்குத்தான்
என்றொரு கணக்கு.
வந்த வேகத்தில் அதை மிதித்துத் தேய்த்தேன்.
ஷூவுக்கடியில் பபிள்கம் மாதிரி
ஒட்டிக்கொண்டே வந்தது.

மறுநாள் கே.கே. நகர் ஸ்கேன் சென்டர்.
படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம்,
எங்களில் ஒருத்திக்கும் அதைப் படிக்கத் தெரியாது.
மேகமூட்டமாய் ஒரு முட்டி.
"லிகமென்ட் போச்சும்மா. ஒன்பது மாசம்" என்றார் டாக்டர்.
ஒச்சம்மாள் விரல்விட்டு எண்ணினாள்.
ரயில்வே ட்ரையல் மூன்றாவது விரலிலேயே இருந்தது.
"அப்ப கப்பு?" என்றாள் பிறகு,
அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா
என்று விசாரிப்பது போல.

ராத்திரி ஹாஸ்டல் மாடியில் கூட்டல் கழித்தல்.
ஒரு ஆட்டத்துக்கு அவள் எடுப்பது இருபத்தேழு.
களத்தில் நிற்கும் ஐந்து பேரும் பங்கிட்டால்
ஆளுக்கு ஐந்து. மீதி இரண்டு.
"ப்ரீ த்ரோவுல வந்துரும்டி அது" என்றாள் நூருன்னிசா.
சிரித்தோம். பரோட்டா சொன்னோம்.
ஐந்து நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது,
யாரும் போட்டுவிடக்கூடிய எண்.

கணக்கில் வராத ஒன்று இருந்தது.
அவள் உள்ளே நுழைந்தால்
எதிரணியில் இரண்டு பேர் அவள்மேல் போய் விழுவார்கள்.
இடது மூலையில் நான் நிற்பேன்,
தெரிந்த முகம் எதுவும் இல்லாத கல்யாண வீட்டில்
நிற்பது மாதிரி, சும்மா.
பந்து வரும். போடுவேன். கைதட்டுவார்கள்.
அவள் தந்த பாஸ்களை எண்ண ஆள் இருந்தது.
என் முன்னால் காலியாக்கித் தந்த
ஆறடித் தரையை
யார் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பைனலில் அந்த ஆறடி இல்லை.
கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி
மூச்சு படும் தூரத்தில் நின்றாள், நெற்றியில் கரைந்த விபூதியோடு,
முதன்முதலாக என்னையும் ஒரு ஆளாக மதித்து.
அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது எனக்கு,
முதல் மூன்று பந்தும் அவள் கைபட்டுத் தெறிக்கும்வரை.

இரண்டு புள்ளியில் தோற்றோம் என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
பத்தொன்பது.
மூன்றாவது குவார்ட்டரிலேயே கூட்டம் கரைந்து
சுண்டல் வண்டிப் பக்கம் போய்விட்டது.
எங்களுக்கும் ஒரு கப்பு தந்தார்கள்.
அடியில் விலைச்சீட்டு கிழிக்காமல் இருந்தது.

ஒச்சம்மாள் ஒரு சேரில் உட்கார்ந்து
இன்னொரு சேரில் காலை நீட்டியிருந்தாள்,
ஏழாம் எண் ஜெர்சியில்,
யாரும் போடச் சொல்லவில்லை.
ஆறுதல் சொல்லத்தான் போனேன்.
"மூணாவது ப்ரீ த்ரோ ஏன்டி கட்டையாப் போச்சு?" என்றாள்.
"முட்டிய மடக்கவே இல்ல நீ."

கருமாத்தூருக்கு ஆம்னி வேன்.
பின் சீட்டில் அவள் கால் என் மடியில்.
நாகமலை தாண்டியதும் தூங்கிவிட்டாள்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால்
"அண்ணே, மெதுவா" என்றேன்.
செக்கானூரணிக்குப் பிறகு வந்த ஒன்றை
நானும் கவனிக்கவில்லை, அண்ணனும் கவனிக்கவில்லை.
கண் திறக்காமலே
என் மணிக்கட்டைப் பற்றினாள்,
பந்தைப் பிடிக்கிற பிடி.